கோழிக்கு ஆகும் மருந்து முயலுக்கும் ஆகுமா?

கேள்வி: என்னிடம் 14 வார வயதில் 300 முட்டைக்கோழிகள், பக்கத்துக் கொட்டகையில் 40 முயல்கள், வெளியே மேயும் கினிக்கோழிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க 20 சதவீத மொனென்சின் பிரிமிக்ஸ் (தீவனத்தில் கலக்கும் மருந்துத் தூள்) வாங்கி வைத்திருக்கிறேன். ‘பாதுகாப்புச் சோதனை செய்யப்பட்டது’ என்று பையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தீவனத்தை நானே கலக்கிறவன். கோழிகள் முட்டையிடத் தொடங்கிய பிறகும் இதைத் தொடரலாமா? முயலுக்கும் இதே மாதிரி கழிச்சல் நோய் வருகிறதே, அதற்குப் பாதி அளவு மருந்து போட்டுக் கொடுக்கலாமா? எதற்கும் ஐந்து கோழி, ஐந்து முயலுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கோழிகளுக்குக் கொஞ்சம் சளி இருப்பதால் இரண்டு நாளாகத் தண்ணீரில் டியாமுலின் போகிறது.

பதில்:

சளிக்கு டியாமுலின் போகிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குப் பகீர் என்றது. பிறகு மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். மொனென்சின் பையை இப்போது திறக்காதீர்கள். ஏற்கெனவே கலந்துவிட்டீர்கள் என்றால் அந்தத் தீவனத்தை உடனே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மொனென்சினைக் கோழியின் கல்லீரல் உடைத்து வெளியே தள்ளிவிடும். கோழி அதைத் தாங்குவதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். டியாமுலின் போய் அந்த வேலையைச் செய்யும் கல்லீரல் நொதிகளையே கட்டிப்போட்டுவிடுகிறது. அப்போது தினமும் தின்கிற சரியான அளவு மொனென்சின் வெளியேற வழியில்லாமல் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், இரண்டு மூன்று நாளில் அது அளவு மீறிய மருந்தாகிவிடும். கோழி நெஞ்சின் மேல் படுத்து இரண்டு கால்களையும் பின்னால் நீட்டிக்கொள்ளும், எழுப்பி நிறுத்தினால் நிற்காது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மொனென்சின் குடும்பத்து மருந்துகளான சாலினோமைசின், நராசின் இரண்டுக்கும் இதே கதைதான். டியாமுலின் கொடுப்பதற்கு 7 நாள் முன்னும், கொடுத்து முடித்த 7 நாள் பின்னும் இந்த வகை மருந்து தீவனத்தில் இருக்கவே கூடாது என்று டியாமுலின் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். பொடி எழுத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, மொனென்சினும் சோதனை செய்யப்பட்ட மருந்து, டியாமுலினும் சோதனை செய்யப்பட்ட மருந்து. தனித்தனியாக இரண்டுமே கோழிக்குப் பாதுகாப்பானவை என்று முறைப்படி நிரூபித்தவை. ஒன்றாகச் சேர்ந்தால் கொட்டகை காலி. அப்படியானால் பையில் போட்டிருக்கும் ‘சோதனை செய்யப்பட்டது’ என்ற வார்த்தைக்கு என்னதான் பொருள் என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் உங்கள் மற்ற மூன்று கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஒரு மருந்து எந்த விலங்குக்கோ அந்த விலங்கிலேயே சோதிக்க வேண்டும் என்பது முதல் விதி. கால்நடை மருந்துகளுக்கான பதிவு விதிகளை நாடுகளுக்கிடையே ஒரே மாதிரி ஆக்குவதற்காக 1996-ல் தொடங்கிய வி.ஐ.சி.எச். என்ற அமைப்பு இதற்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதன்படி விலங்குகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்தே கிடையாது, ஒன்றுக்கு லேபிளில் வரப்போகும் அளவு, ஒன்றுக்கு அதன் 3 மடங்கு, ஒன்றுக்கு 5 மடங்கு. கொடுக்கும் நாட்களும் வழக்கமாக எத்தனை நாள் கொடுக்கப் போகிறார்களோ அதன் 3 மடங்கு வரை போகும். தீவன மருந்தில் இது மாதக்கணக்கில் நீளும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தீவனச் சேர்மானங்களுக்குத் தனியாக நாள் கணக்கு வைத்திருக்கிறது. கறிக்கோழிக்குக் குஞ்சு பொரித்த நாளிலிருந்து 35 நாள், வளரும் வான்கோழிக்கு 42 நாள், முட்டைக்கோழிக்கு 56 நாள்.

அந்த நாட்களில் செத்ததா பிழைத்ததா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். தினமும் எவ்வளவு தின்றது, எவ்வளவு குடித்தது, எடை எப்படி ஏறியது, கழிச்சல் எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வருவார்கள். இரத்தம் எடுத்துத் தசையும் கல்லீரலும் சேதமானால் கசியும் நொதிகளை அளப்பார்கள். கடைசியில் அறுத்து இதயம், கல்லீரல், சிறுநீரகம், தசை என்று ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மொனென்சின் மாதிரி அயனோஃபோர் வகை மருந்துகளில் இந்த நுண்ணோக்கிப் பார்வைதான் உயிர்நாடி, ஏனென்றால் இவை சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளைச் செல்லின் சவ்வு வழியாகக் கடத்திக் கிருமியைச் சாகடிக்கிறவை, அளவு கூடினால் அதே வேலையை இதயத் தசையிலும் கால் தசையிலும் காட்டும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாத கோழியில்கூட உள்ளே தசை நார்கள் செத்துக் கிடக்கும்.

சோதனை செய்கிறவர்களை எப்போதும் தொல்லை படுத்தும் ஒரு விஷயம் உண்டு. 5 மடங்கு மருந்து போட்ட தீவனத்தைப் பல நேரம் விலங்கு தின்னாது. தின்னாமல் எடை குறைந்தால் அது மருந்தின் விஷத்தால் குறைந்ததா, பட்டினியால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சில சோதனைகளில் மருந்தைக் குழாய் வழியாக நேராக இரைப்பைக்கே செலுத்துவார்கள். அதேபோல, கலந்த தீவனத்தில் நினைத்த அளவு மருந்து உண்மையிலேயே இருக்கிறதா என்று தீவனத்தையும் ஆய்வகத்தில் அளந்துகொண்டே இருப்பார்கள். 5 மடங்கு என்று நம்பிக் கொடுத்தது 2 மடங்குதான் என்று பிறகு தெரிந்தால் மொத்தச் சோதனையும் வீண். தீவனத்தைச் சோதிக்காத தீவன மருந்துச் சோதனை சோதனையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. இதை நினைவில் வையுங்கள், உங்கள் கலவை விஷயத்துக்கு வரும்போது இது வேண்டும்.

சரி, இப்போது உங்கள் பையை எடுத்து லேபிளை நிதானமாகப் படியுங்கள். எந்த இனம், எந்த வயது வரை, டன்னுக்கு எத்தனை கிராம், எந்த மருந்தோடு சேரக்கூடாது, அறுப்பதற்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று இருக்கும். இவைதான் சோதனை நடந்த எல்லைகள். அந்த வேலிக்குள் இருக்கும் வரைக்கும்தான் ‘பாதுகாப்பு’ என்ற வார்த்தைக்கு மதிப்பு. வெளியே காலை வைத்தால் பாதுகாப்பு இல்லை என்று பொருளில்லை, யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சில இடங்களில் பார்த்து, செத்துப்போனதால் வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். மொனென்சினை முட்டைக்காக வளர்க்கும் கோழிகளுக்கு ஐரோப்பாவில் 16 வார வயது வரைதான் அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் கோழிகளுக்கு 14 வாரம், மிச்சம் இருப்பது இரண்டே வாரம். டியாமுலின் முடித்து 7 நாள் இடைவெளி விட்டால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். முட்டையிடும்போது தொடரலாமா என்றால், கூடாது.

ஏன் கூடாது என்பதை ஒரு மஞ்சள் கருவை வைத்துப் பாருங்கள். கோழி இன்று இடுகிற முட்டையின் வெள்ளைக்கரு சில மணி நேரத்துக்குள் சுரந்தது. ஆனால் உள்ளே இருக்கும் மஞ்சள் கரு சுமார் 10 நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து வந்தது. கொழுப்பில் கரையும் மருந்து எதுவானாலும் இந்த 10 நாளில் அடுக்கடுக்காக அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே சமயம் கோழியின் வயிற்றில் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று வரிசையாக வெவ்வேறு அளவில் கருக்கள் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் மருந்தை இன்று நிறுத்தினாலும் 10 நாளைக்கு மேல்கூட முட்டையில் மருந்து வரலாம். கறிக்கோழியில் மூன்று நாளில் இறைச்சியை விட்டுப் போகிற மருந்து, முட்டைக்கோழியில் அப்படிப் போகாது. முட்டைக்கோழிக்குத் தனிச் சோதனை கேட்பது இதனால்தான்.

மருந்து முட்டையில் தங்குவது ஒரு பக்கம், முட்டையையே கெடுப்பது இன்னொரு பக்கம். நிக்கார்பாசின் என்று கறிக்கோழிக்கு நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. அதைத் தவறிப்போய் பழுப்பு முட்டையிடும் கோழி தின்றால் ஓடு வெளுத்துப்போகும், மஞ்சள் கருவில் திட்டுத் திட்டாகப் புள்ளி விழும், அடைகாக்க வைத்தால் குஞ்சு பொரிக்கும் விகிதம் விழுந்துவிடும். கோழி மட்டும் ஆரோக்கியமாகத் தெரியும். வெயில் காலத்தில் அதே நிக்கார்பாசின் கறிக்கோழியையே வெப்பத்தில் சாகடிக்கும் என்பதும் உண்டு. பருவமும் சோதனையின் ஒரு பகுதிதான்.

அப்புறம் முயல். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். சின்ன விலங்கு, அதனால் சின்ன அளவு, பாதி போட்டால் சரியாகிவிடும் என்று. மருந்தைத் தாங்குவது உருவத்தைப் பொறுத்தது இல்லை, அந்த இனத்தின் உடம்பு அதை எப்படி உடைக்கிறது என்பதைப் பொறுத்தது. மொனென்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோழிகளைச் சாகடிக்க உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 200 மி.கி. வேண்டும். குதிரைக்கு 2 முதல் 3 மி.கி. போதும். அத்தனை பெரிய விலங்கு, கோழி தாங்குவதில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கைத்தான் தாங்கும். உங்களிடம் குதிரை இல்லை, ஆனாலும் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். டன்னுக்கு 100 கிராம் மொனென்சின் போட்ட கோழித் தீவனத்தை 500 கிலோ குதிரை ஒரு நாளில் 10 கிலோ தின்றால் அதன் வயிற்றுக்குள் போவது 1,000 மி.கி., அதாவது கிலோவுக்கு 2 மி.கி. கோழிக்கு நோய் தடுக்கும் தீவனம், மாற்றம் எதுவும் செய்யாமலே, குதிரைக்குச் சாவு.

இப்போது உங்கள் முயல். பாதி அளவு என்றால் டன்னுக்கு 50 கிராம். 2 கிலோ முயல் ஒரு நாளில் 100 கிராம் தின்கிறது என்று வைத்தால் 5 மி.கி., கிலோவுக்கு 2.5 மி.கி. பால் மறந்த குட்டி தன் எடைக்கு இன்னும் அதிகமாகத் தின்னும், 1 கிலோ குட்டி 80 கிராம் தின்றால் கிலோவுக்கு 4 மி.கி. ஆகிவிடும். ‘பாதி’ என்று நீங்கள் மனதில் நினைத்தது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். முயல் இந்த அயனோஃபோர் குடும்பத்துக்கே பயப்பட வேண்டிய விலங்கு. ஐரோப்பாவில் சாலினோமைசினைக் கறிக்கோழிக்கு டன்னுக்கு 50 முதல் 70 கிராம் என்று அனுமதித்தபோது முயலுக்கு 20 முதல் 25 கிராம் என்றுதான் கொடுத்தார்கள், அதுவும் முயலிலேயே சோதித்த பிறகு. அதே குடும்பத்து நராசின் முயலுக்கு ஆபத்து, கொடுக்கவே கூடாது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது பாதி, கால் என்று நாமாக வகுத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு முயல் பண்ணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் மாலை முயல் தீவனம் தீர்ந்துபோய், பக்கத்தில் இருந்த கோழிக் குச்சித் தீவனத்தில் கொஞ்சம் கலந்து போட்டிருக்கிறார்கள், அடுத்த நாளும் அதையே போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது கூண்டுக்குக் கூண்டு முயல்கள் தாடையைக் கம்பிமேல் வைத்தபடி படுத்துக் கிடந்தன. கண் தெளிவாக இருந்தது, கை நீட்டினால் காது அசைந்தது, வாய் அருகே புல் வைத்தால் மெல்லப் பார்த்தது. தலையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒன்றைக் கையில் எடுத்தேன், கழுத்து நனைந்த துணி மாதிரி தொங்கியது. முன்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போயின. வலிப்பு இல்லை, கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. கோழித் தீவன மூட்டையின் லேபிளைத் திருப்பிப் பார்த்தோம், அயனோஃபோர் பெயரும் அளவும் தெளிவாகவே அச்சாகியிருந்தது. அந்த மூட்டை கோழிக்குச் சரியான மூட்டைதான். அந்தக் குடும்பத்துப் பெண் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: “கோழி தின்று நன்றாகத்தானே இருந்தது சார்?”

இது முயலோடு நிற்பதில்லை. 1996-ல் நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நிறையப் பூனைகளுக்குத் திடீரென்று கால்கள் செயலிழந்தன. பூனைத் தீவனத்தில் சாலினோமைசின் கலந்துவிட்டதுதான் காரணம். பூனைக்கு அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, அது எப்படியோ தீவனத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் கினிக்கோழிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரில் கோழி இருக்கிறதே தவிர மொனென்சினை அது கோழி மாதிரி தாங்காது. வளர்ந்த வான்கோழிக்குச் சாலினோமைசின் எமன். வெளியே மேய்கிற கினிக்கோழி உங்கள் கோழிக் கொட்டகைத் தொட்டியில் வந்து கொத்தாமல் இருக்கப் போவதில்லை, நாயும் சிந்தின தீவனத்தை நக்காமல் இருக்கப் போவதில்லை.

முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் மூன்றிலும் இன்னொரு வகை ஆபத்தும் உண்டு, இங்கே மருந்து உடம்பை நேராகத் தொடாது. லின்கோமைசின், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்றவை வாய் வழியாகப் போனால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும், அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெருகி நஞ்சைச் சுரக்கும், ஓரிரு நாளில் கழிச்சல் எடுத்துச் செத்துப்போகும். லின்கோமைசின் போட்ட தீவனத்தை முயல் எட்டும் இடத்தில்கூட வைக்காதே என்று லேபிளில் எழுதியிருப்பது அதனால்தான். கோழிகளுக்கு என்று வாங்கிய எந்த நுண்ணுயிர்க்கொல்லியையும் முயல் கொட்டகைக்கு எடுத்துப் போகும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் ஐந்து கோழி, ஐந்து முயல் யோசனை. கவனமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வந்த யோசனை, அதை மதிக்கிறேன். ஆனால் அது நீங்கள் நினைக்கிற உறுதியைத் தராது. ஐந்து முயலுக்குக் கொடுத்து ஐந்தும் பிழைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியியல் கணக்குப்படி, 100-க்கு 45 முயலைச் சாகடிக்கக்கூடிய மருந்தாக இருந்தாலும் ஐந்தும் தப்பிப் பிழைப்பதற்கு 20-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்றும் சாகவில்லை என்பதை வைத்து ‘சாவு 45 சதவீதத்துக்குமேல் போகாது’ என்று வேண்டுமானால் ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். அதைக் கேட்டு யாராவது 40 முயலுக்கும் கொடுப்பார்களா? 100 முயலில் ஒன்றும் சாகவில்லை என்றால்கூட 3 சதவீதம் வரை சாவு வர இடம் இருக்கிறது. நாளும் போதாது. ஒரு வாரத்தில் தெரிவது உடனடி விஷம் மட்டும்தான், தசையும் இதயமும் மெதுவாகச் சேதமாவது, சினை நிற்காமல் போவது, குட்டி பலவீனமாகப் பிறப்பது எதுவும் அதில் தெரியாது. முறையான சோதனையிலும் ஒரு குழுவில் எட்டே விலங்குகள்தான் இருக்கலாம். ஆனால் அங்கே 5 மடங்கு கொடுத்து, இரத்தம் பார்த்து, அறுத்துப் பார்த்து, ஒவ்வொரு விலங்கிடமிருந்தும் நிறையத் தகவலைப் பிழிந்து எடுக்கிறார்கள். கொட்டகையில் நாம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

இனி நீங்களே கலப்பது. இந்த முறை மொனென்சினை விட்டுவிட்டாலும் இன்னொரு நாள் வேறு மருந்து கலக்கத்தான் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன். 20 சதவீத பிரிமிக்ஸில் டன்னுக்கு 100 கிராம் மருந்து வர வேண்டுமானால் டன்னுக்கு 500 கிராம் பிரிமிக்ஸ், 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம். அந்த 25 கிராமை 50 கிலோவில் ஒரே மாதிரி பரப்புவது மண்வெட்டியால் ஆகிற காரியமில்லை. ஒரு மூலையில் மருந்தே இருக்காது, இன்னொரு மூலையில் 4 மடங்கு இருக்கும். குஞ்சு ஒரு நாளைக்குத் தின்பது ஒரு சின்னக் கைப்பிடி, அந்தக் கைப்பிடி எந்த மூலையிலிருந்து வருகிறதோ அதுதான் அதற்கு அன்றைய மருந்து. குறைந்தபட்சம் 25 கிராமை முதலில் அரை கிலோ மாவில், அதை 5 கிலோவில், பிறகுதான் 50 கிலோவில் என்று படிப்படியாகக் கலக்க வேண்டும். தீவன ஆலைகளில் ஒரே கலவையின் பத்து இடங்களிலிருந்து மாதிரி எடுத்து அளப்பார்கள், அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் மாறுபாட்டுக் கெழு 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மிக்சர் சரி என்பார்கள். கரண்டியால் அளக்காதீர்கள், கிராம் காட்டும் தராசு வேண்டும். மாவு பறக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

மிக்சரின் சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சம் அடுத்த கலவைக்குப் போகும் என்பதும் உண்மை. இதைத் தவிர்க்கவே முடியாது என்று ஒப்புக்கொண்டு ஐரோப்பாவில் 2009-ல் ஒரு வரம்பு போட்டார்கள். மருந்து எந்த இனத்துக்கு இல்லையோ அதன் தீவனத்தில், அனுமதித்த உச்ச அளவில் 3 சதவீதம் வரை இருக்கலாம், தாங்காத இனமாக இருந்தால் 1 சதவீதம்தான். உங்கள் நிலையில் சுலபமான வழி, முயல் தீவனத்தை முதலில் கலந்து எடுத்து வைத்துவிடுங்கள், மருந்துத் தீவனம் கடைசி. பிறகு வெறும் தானியத்தைப் போட்டு மிக்சரை ஓட்டி, அந்தத் தானியத்தையும் கோழிக்கு மட்டும் போடுங்கள். பைகளுக்கு நிறம் வையுங்கள். 1973-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தீவனத்தில் சேர்க்கும் மெக்னீசியம் ஆக்சைடு என்று நினைத்து, பொருள்கள் தீப்பிடிக்காமல் தடுக்கப் பயன்படும் ஒரு ரசாயனத்தின் பைகளைத் தீவன ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். சுமார் 15 லட்சம் கோழிகளையும் 30,000 மாடுகளையும் கொன்று புதைக்க வேண்டி வந்தது. பைகளின் பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது.

முட்டையையும் கறியையும் தின்கிறவர்களுக்கான பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சோதனையின் பாதி அதுதான். ஆய்வக விலங்கில் எந்தத் தீங்கும் காட்டாத உச்ச அளவைக் கண்டுபிடித்து, அதைப் பெரும்பாலும் 100-ஆல் வகுத்து, மனிதர் வாழ்நாள் முழுதும் தினமும் தின்றாலும் ஒன்றும் ஆகாத அளவு என்று வைக்கிறார்கள். பிறகு ஒருவர் ஒரே நாளில் 300 கிராம் கோழிக்கறி, 100 கிராம் கல்லீரல், 90 கிராம் தோலும் கொழுப்பும், 10 கிராம் சிறுநீரகம், 100 கிராம் முட்டை தின்றாலும் அந்த அளவைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போடுகிறார்கள். மருந்தை நிறுத்தி நாள் வாரியாகக் கோழிகளை அறுத்து அளந்து, எப்போது அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது என்று பார்த்துத்தான் விலக்கு காலம் வைக்கிறார்கள். இதிலும் பழைய முடிவுகள் மாறும். ராக்சர்சோன் என்ற ஆர்செனிக் மருந்துக்கு 1944-ல் அனுமதி கிடைத்தது, பல பத்தாண்டுகள் கோழித் தீவனத்தில் ஓடியது. 2011-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கல்லீரலில் கனிம ஆர்செனிக்கைத் தனியாக அளக்கும் முறையோடு திரும்பிப் பார்த்தபோது, மருந்து தின்ற கோழிகளில் அது கூடுதலாக இருந்தது, அந்த வருடமே விற்பனை நின்றது. அன்றைக்குச் சோதித்தவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களிடம் இருந்த கருவியால் அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய லேபிள் சொன்னது என்று எதையும் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், கையில் இருக்கும் பையின் இன்றைய லேபிளைப் படியுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கோழிகள் மொனென்சின் தின்னவில்லை என்றால் டியாமுலினை மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள், கடைசி நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கோழிகளுக்கு மருந்து வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். தரையில் வளர்ந்த கோழிக்கு 14 வாரத்துக்குள் பெரும்பாலும் இரத்தக் கழிச்சலுக்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும். கழிவில் இரத்தம் பார்த்தீர்களா, அல்லது வராமல் இருக்கட்டும் என்றுதான் வாங்கினீர்களா? கழிவு மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நோய் உண்மையிலேயே இருந்தால் தண்ணீரில் ஆம்ப்ரோலியம் போன்ற மருந்து கொடுப்பதை மருத்துவர் யோசிப்பார், அதற்கு டியாமுலினோடு இந்தச் சண்டை கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஆம்ப்ரோலியம் பி1 வைட்டமினின் வேஷம் போட்டுத்தான் கிருமியை ஏமாற்றுகிறது, அதனால் அந்த நாட்களில் பி1 உள்ள சத்து மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது.

முயலுக்கு முயலில் சோதித்த மருந்து மட்டும்தான். டைகிளாசுரில், ரோபெனிடின் இரண்டும் முயலுக்கு என்றே அனுமதி பெற்றவை, எது கிடைக்கிறது, எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும். கோழியின் கழிச்சல் கிருமி முயலுக்குத் தொற்றாது, முயலுடையது கோழிக்கும் வராது, அந்தக் கவலை வேண்டாம். முயலின் கிருமி முட்டை ஈரத்தில்தான் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது, சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. கூண்டுத் தரையைத் தினமும் சுத்தம் செய்து காயவிடுவது, புல்லைத் தரையில் போடாமல் தட்டில் வைப்பது, இது பாதி மருந்துக்குச் சமம்.

தீவன மூட்டை ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் அரை கிலோ எடுத்து, தேதி, பேட்ச் எண் எழுதி, காய்ந்த இடத்தில் மூன்று மாதம் வைத்திருங்கள். எப்போதாவது கோழியோ முயலோ திடீரென்று படுக்க ஆரம்பித்தால் வேறு எதையும் யோசிக்கும் முன் தீவனத்தை மாற்றுங்கள், விரட்டி எழுப்பாதீர்கள். செத்ததைக் குளிர்ந்த பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள், உறைந்தால் தசையைப் பார்க்க முடியாது. தொட்டியில் மிஞ்சிய தீவனம் தனிப் பையில், மூட்டையில் இருப்பது தனிப் பையில் என்று இரண்டையும் மருத்துவரிடம் கொடுங்கள். கினிக்கோழிகளுக்குத் தனித் தொட்டி வைத்து, கோழிக் கொட்டகைக் கதவுக்கு வலை அடித்துவிடுங்கள், அதை இன்றைக்கே செய்யுங்கள்.